மண்டபத்தூர் மணலில் ஐந்து மீட்டர் மூங்கில்

எழும்பூரில் இரவு கம்பன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடிந்ததும் காரைக்காலில் இறங்கினேன். தோள்பையில் ஒரு சிறிய ஹாம் வானொலி, பேட்டரி, சுருட்டிய கேபிள்கள், பால்மாவு டப்பாவில் செய்த ஓர் அளவுகருவி. பந்தல் போடுகிறவர் ஒருவரிடம் ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான இரண்டு மூங்கில்களை வாடகைக்குப் பேசி, ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினேன்.

கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. புதுச்சேரியின் வளாகம். பெயரில் புதுச்சேரி இருந்தாலும் கல்லூரி நிற்பது காரைக்கால் மண்ணில். இதே சாலையில் இன்னும் போனால் நண்டலாறு. ஆற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, பொறையாறு, தரங்கம்பாடி. அதற்கு முன்பே கிழக்கே திரும்பிவிட்டால் மண்டபத்தூர்.

மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாதவர்கள் நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். ஃபைபர் படகுகள் மணலில் வரிசையாக ஏறிக் கிடந்தன. காவல் நிலையத்தில் என் வானொலி உரிமத்தின் நகலைக் கொடுத்துவிட்டு, ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் சொல்லிவிட்டுத்தான் கடற்கரையில் இறங்கினேன். கடலோரத்தில் வயர்லெஸ் கருவியோடு நிற்கும் வெளியூர்க்காரனைப் பார்த்து நாலு கேள்வி கேட்பது ஊரின் உரிமை. அந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுவது ஹாம்களாகிய எங்கள் கடமை.

இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரே காரணம்: அளந்து பார்ப்பது. ஒரே மாதிரி இரண்டு ஆண்டெனாக்கள் செய்ய வேண்டும். ஒன்று அலை வந்து தொடும் ஈர மணலில், இன்னொன்று உள்ளே சவுக்கு மரங்களை ஒட்டிய காய்ந்த தரையில். இரண்டையும் வீட்டில் செய்த கருவிகளால் அளந்து, கருவி சொல்வதையும் தொலைதூரத்தில் கேட்கிறவர் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஹாம் வானொலி பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதி, உரிமம் பெற்று, நமக்கென ஓர் அழைப்புக்குறியோடு, இணையமோ செல்போன் கோபுரமோ இல்லாமல் உலகத்தோடு பேசுவது அது. இந்தியக் குறிகள் வி.யு. என்று தொடங்கும். இந்தப் பொழுதுபோக்கில் பாதி பேச்சு என்றால் மீதி பாதி ஆண்டெனா. நல்ல ரேடியோவைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஆண்டெனாவை அது நிற்கிற மண்ணையும் மரத்தையும் பார்த்து நாமே கட்டித்தான் ஆக வேண்டும். கட்டியது சரியா என்று தெரிய அளக்க வேண்டும்.

என் பால்மாவு டப்பாவுக்குள் இருப்பது மிக எளிய சுற்று. ஐம்பது ஓம் மதிப்பில் மூன்று மின்தடைகள், ஒரு ஜெர்மேனியம் டையோடு, ஒரு மின்தேக்கி. வெளியே, பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய முள் மீட்டர். கடையில் ஐம்பது ஓம் சரியாகக் கிடைக்காது. இரண்டு நூறு ஓம்களை முதுகோடு முதுகாக வைத்துப் பற்றவைத்தால் ஐம்பது. கம்பி சுற்றிய மின்தடையை இதற்கு வைக்கக் கூடாது. அந்தச் சுற்றே ஒரு சுருளாக மாறி உயர் அதிர்வெண்ணில் பொய் சொல்லும். கார்பன் அல்லது மெட்டல் ஃபிலிம் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கைநிறைய அள்ளித் தருவார்கள். கால்களை எவ்வளவு குட்டையாக நறுக்குகிறோமோ அவ்வளவுக்கு அளவு உண்மையாக இருக்கும். டப்பாவின் அடித்தகரத்தோடு ஒட்டி உட்கார வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் படித்த வீட்ஸ்டன் பாலம்தான் இது. மூன்று கைகளில் ஐம்பது ஓம், நாலாவது கை ஆண்டெனா. ஆண்டெனாவும் ஐம்பது ஓமாக இருந்தால் பாலம் சமநிலையாகி முள் பூச்சியத்துக்கு வரும். இல்லையென்றால், வாய்க்கால் மதகில் மோதிய தண்ணீர் திரும்பி எதிரலையாக வருவதைப் போல, அனுப்பிய ஆற்றலில் ஒரு பகுதி திரும்பி வரும். முள் அதைக் காட்டும். அனுப்பிய அலையும் திரும்பிய அலையும் கேபிளில் கலந்து நிற்பதைத்தான் நிலையலை விகிதம், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர்., என்று அளக்கிறோம். ஒன்று என்றால் எதுவும் திரும்பவில்லை. மூன்று என்றால் அனுப்பியதில் கால் பங்கு திரும்பி வருகிறது.

இந்தப் பாலத்தில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. ஆண்டெனா அறுந்து கிடந்தாலும், கேபிள் ஷார்ட் ஆகியிருந்தாலும், மின்தடைகள் நடுவில் நிற்பதால் ரேடியோவுக்குத் தெரியும் எஸ்.டபிள்யூ.ஆர். இரண்டைத் தாண்டாது. டிரான்சிஸ்டர் எரியாது. தெரியாத இடத்தில் தெரியாத ஆண்டெனாவோடு நிற்பவனுக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. ஆனால் ஆற்றலில் பெரும்பகுதியை மின்தடைகளே குடித்துவிடும். அளந்து முடித்ததும் பாலத்தைக் கழற்றிவிட வேண்டும்.

பையில் இன்னொரு கருவியும் இருந்தது: ஆன்டுயினோ. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான், வி.யு.2 இ.எஸ்.இ., வடிவமைத்தது. ஓர் ஆர்டுயினோ நானோ, அலைகளை உண்டாக்கும் எஸ்.ஐ.5351 சில்லு, ஆற்றலை டெசிபலில் படிக்கும் ஏ.டி.8307 சில்லு, இரண்டு வரித் திரை, ஒரு திருகு. அதிர்வெண்ணைத் தானே நகர்த்திக்கொண்டே போய் ஆண்டெனாவை அளக்கும். அலைவலிமையையும் பார்க்கலாம். சுற்று வரைபடமும் நிரலும் திறந்தே கிடக்கின்றன. யாரும் செய்யலாம், திருத்தலாம். ஃபர்ஹானின் பெயர் உலகெங்கும் ஹாம்களிடம் பரவியது அவருடைய பிட்எக்ஸ் வானொலியால். அதன் தொடக்க வடிவத்தில், நம் ஊரில் எளிதில் கிடைக்காத ஃபெரைட் வளையங்களுக்குப் பதிலாக, தண்ணீர்க் குழாயின் பிளாஸ்டிக் வாஷரில் கம்பியைச் சுற்றச் சொன்னார். கையில் கிடைப்பதைக் கொண்டு பிழையில்லாமல் செய்ய முடியும் என்று காட்டிய அந்த வாஷர் எனக்கு ஒரு பெரிய பாடம்.

சந்தையில் நானோ வி.என்.ஏ. என்று சட்டைப் பைக்குள் அடங்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஜப்பானிய ஆர்வலர் ஒருவரின் வடிவமைப்பிலிருந்து பிறந்து 2019 வாக்கில் உலகெங்கும் பரவியது. அருமையான கருவி, வாங்குங்கள். ஆனால் முதலில் அந்த மூன்று மின்தடைப் பாலத்தைச் செய்துவிட்டு வாங்குங்கள் என்பேன். தன் கையால் செய்தவனுக்குத்தான் கருவி எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பது தெரிகிறது. மண்டபத்தூரில் எனக்கு வேண்டியிருந்ததும் அந்த இரண்டாவது பாதிதான்.

ஆண்டெனா அளவீடு பிறந்ததே கையால் செய்த கருவியில்தான். 1887, 88-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹெய்ன்ரிச் ஹெர்ட்ஸ், எதிர்ச் சுவரில் துத்தநாகத் தகட்டை மாட்டி, சிறு இடைவெளி விட்ட கம்பி வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடந்தார். வளையத்தின் இடைவெளியில் எங்கே பொறி தெறிக்கிறது, எங்கே அணைகிறது என்று இருட்டில் பார்த்தே நிலையலையின் முடிச்சுகளைக் குறித்து, அலைநீளத்தைக் கணக்கிட்டார். சில ஆண்டுகளில் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் சில மில்லிமீட்டர் நீள அலைகளை உண்டாக்கி, அவற்றின் தளவிளைவைப் படிக்க முறுக்கிய சணல் நாரையும், பக்கங்களுக்கு இடையே தகரத்தாள் செருகிய ரயில்வே கால அட்டவணையையும் பயன்படுத்தினார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் தம் ஆய்வை விளக்கிக் காட்டியபோது கல்கத்தாவில் செய்த கருவிகளும் அங்கே இருந்தன. அளவீடு மட்டுமல்ல, நம் ஊர் ஒலிபரப்பும் ஆர்வலர்களிடமிருந்தே வந்தது: சென்னையில் 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், அதே ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் பரப்பியோடு ஒலிபரப்பைத் தொடங்கியது. பிறகு பணமில்லாமல் மூடப்பட்டாலும் அந்த ஆர்வலர்கள் போட்ட விதைதான் நம் ஊர் வானொலி.

மூங்கில்களை நடுவதற்கு ஊர்ப் பையன்கள் வந்தார்கள். மணலில் கம்பு நடுவதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நைலான் கயிற்றால் மூன்று பக்கமும் இழுத்துக் கட்டி, நொடியில் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு மூங்கிலிலும் ஐந்து மீட்டர் செம்புக் கம்பி. 14.2 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் அது. அடியில் அதே நீளத்தில் நான்கு ரேடியல் கம்பிகள், தரையோடு. கடலோரத்து ரேடியல்களை ஈர மணலில் புதைத்து, நுனிகளை அலை நனைக்கும்படி விட்டோம். இரண்டுக்கும் நடுவில் தென்னை நிழலில் ரேடியோ. இரண்டு பக்கமும் ஒரே நீளக் கேபிள், நடுவில் ஒரு மாற்றி சுவிட்ச். கேபிள் நீளம் வேறுபட்டால் ஒப்பீடே பாழ்.

முதலில் உள்ளே, சவுக்கு மரப் பக்கம். பாலத்தை இணைத்தேன். முள் இறங்கி ஏறத்தாழ பூச்சியத்தில் படிந்தது. ஆன்டுயினோ 1.1 என்றது. எந்த ஹாமும் கேபிளை இறுக்கிவிட்டு நிம்மதியாகப் பேச உட்காரும் அளவு அது. பிறகு அலையோரம். முள் பூச்சியத்துக்கு வராமல் மேலேயே நின்றது. ஆன்டுயினோவில் 1.4. கம்பியை நீட்டினேன், குறைத்தேன். அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

பையன்களில் ஒருவன் கேட்டான்: "அப்ப அந்த மரத்தாண்ட இருக்கறதுதான் நல்ல கம்பியா சார்?"

கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. நல்ல தரையின் மேல் நிற்கும் கால் அலைநீள ஆண்டெனாவின் மதிப்பு ஏறத்தாழ 36 ஓம். கேபிள் 50 ஓம். ஐம்பதை முப்பத்தாறால் வகுத்தால் 1.4. அலையோரத்தில் கருவி காட்டியது நேர்மையான பாடநூல் கணக்கு. உள்ளே காய்ந்த தரையில் அதே 36 ஓமோடு மண்ணின் இழப்பு பதினாலு ஓம் போலச் சேர்ந்துகொள்கிறது. கூட்டினால் ஐம்பது, பாலம் சமநிலை, முள் பூச்சியம். பத்து வாட் அனுப்பினால் மூன்று வாட் போல மண்ணைச் சூடாக்கப் போய்விடுகிறது. ஆற்றல் திரும்பி வரவில்லை என்பதை மட்டுமே பாலம் அறியும். அது வானத்துக்குப் போனதா மண்ணுக்குள் போனதா என்பது அதற்குத் தெரியாது.

கடல்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து சீமென்ஸ். நடுத்தரமான மண்ணுக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டெல்டாவின் ஈர வண்டல் கொஞ்சம் மேல், ஆனாலும் கடலுக்குப் பக்கத்தில் வர முடியாது. ஆண்டெனாவின் அடியில் மிச்சமாகும் ஆற்றலைவிடப் பெரிய லாபம் தூரத்தில் இருக்கிறது. நிலத்தின் மேல், அடிவானத்தை ஒட்டிக் கிளம்பும் அலையை மண் விழுங்கிவிடும். உப்பு நீரின் மேல் அது விழுங்கப்படாமல் தாழ்ந்தே போகும். அயனி மண்டலத்தில் ஒரே தாவலில் நெடுந்தூரம் எட்டுவது அந்தத் தாழ்ந்த அலைதான். மண்டபத்தூரில் கடல் கிழக்கே. ஆகவே லாபமும் கிழக்கே மட்டும்: சிங்கப்பூர், ஜப்பான், ஆஸ்திரேலியா பக்கம்.

சாயங்காலம் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தமிழ் ஹாம், முன்பே பேசிவைத்தபடி அலைவரிசைக்கு வந்தார். இங்கிருந்து ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர். எது எந்த ஆண்டெனா என்று அவரிடம் சொல்லவில்லை. அயனி மண்டலம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஒரு முறை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னால் அது தீர்ப்பாகாது. அதனால் சுவிட்சை மாற்றி மாற்றித் திருப்பி, "இப்போது ஒன்று, இப்போது இரண்டு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன். சத்தம் ஏறினாலும் இறங்கினாலும் அவர் குரல் ஒரே பக்கம் நின்றது: இரண்டாவதுதான் ஓங்கி வருகிறது, ஒரு எஸ் அலகுக்கும் மேல். இரண்டாவது, முள் பூச்சியத்துக்கு வர மறுத்த அலையோரத்து மூங்கில். ஓர் எஸ் அலகு என்றால் ஆறு டெசிபல். நான்கு மடங்கு ஆற்றல் ஏற்றினால் கிடைப்பது. கடல் அதை இலவசமாகக் கொடுத்தது.

இதையெல்லாம் வலை பொத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"தம்பி, மீட்டர் சரின்னு காட்டும், ஆனா சரியில்லைங்கிறீங்க. அப்படியும் இருக்குமா?"

"இருக்கும் ஐயா. ஏன் கேக்குறீங்க?"

"நம்ம போட்டு செட்டும் அப்படித்தான் இருக்கு. கடைக்காரரு மீட்டர் வச்சுப் பாத்து எல்லாம் சரின்னு குடுத்துட்டாரு. கரைய விட்டுத் தள்ளிப் போனா பக்கத்துப் போட்டுக்காரனுக்கே கேக்க மாட்டேங்குது."

அவருடைய விசைப்படகு காரைக்கால் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. வயர்லெஸ் செட்டையும் கேபிளையும் தடைக்காலத்துக்காகக் கழற்றி வீட்டில் வைத்திருந்தார். பையன் ஓடிப்போய்க் கேபிளை எடுத்து வந்தான். பத்து மீட்டர் இருக்கும், மெல்லிய கறுப்புக் கோஆக்ஸ். ஆன்டுயினோவை 156.8 மெகாஹெர்ட்ஸில் வைத்தேன். கடலில் அபாய அழைப்புக்கான 16-ஆம் சேனல் அது. கேபிளின் மறுமுனையில் எதையும் மாட்டவில்லை, வெறுமனே விட்டேன். மாட்டாத முனையில் மோதும் அலை முழுவதும் திரும்பி வந்தாக வேண்டும். போக வர இரண்டு முறை கேபிளைக் கடப்பதால், புதிய கேபிளாக இருந்தால் நாலு டெசிபல் போல இழப்புக் காட்டும். இது பன்னிரண்டு காட்டியது. ஒருவழிக்கு ஆறு. செட் இருபத்தைந்து வாட் அனுப்பினால் கம்பத்து உச்சிக்குப் போய்ச் சேர்வது ஆறு வாட்தான். கேட்கும் பக்கமும் அதே இழப்பு.

ஆண்டெனாவே இல்லாத அந்தக் கேபிளை எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் மாட்டினால் அது 1.7 என்றுதான் காட்டும். மோசமில்லை என்று எவரும் சொல்லிவிடுவார்கள். கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. அவர் மீட்டர் பொய் சொல்லவில்லை. திரும்பி வர வேண்டிய ஆற்றலைக் கேபிள் வழியிலேயே தின்றுவிட்டது.

பெரியவர் தம் வலைக் கத்தியாலேயே கனெக்டருக்குப் பக்கத்தில் உறையைக் கீறினார். உள்ளே பின்னல் செம்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, நுனியில் பச்சை. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. கனெக்டரின் கழுத்து வழியாக உப்பு நீர் இறங்கி, பின்னலைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறியிருக்கிறது. ஒரு முழம் வெட்டியும் கறுப்புத்தான், இரண்டு முழம் வெட்டியும் கறுப்புத்தான். கேபிளையே மாற்ற வேண்டும் என்று ஆயிற்று. புதிய கேபிளில் கனெக்டரைப் பற்றவைத்த பிறகு, தானே தன்மேல் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றி, கனெக்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட வேண்டும். தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது. இதைச் சொன்னதும் அவர் தலையாட்டினார். தண்ணீர் எந்த வழியாக எங்கே போகும் என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஊர் 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊர். அன்று அந்தமானில் ஹாம் இயக்கத்துக்காகப் போயிருந்த பாரதி பிரசாத், வி.யு.2 ஆர்.பி.ஐ., குழுவினர் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார்கள். இலங்கையில் விக்டர் குணதிலக, 4 எஸ் 7 வி.கே., தலைமையில் ஹாம்கள் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தார்கள். தொலைபேசி செத்துப்போன இடங்களில் பேசியது கம்பியும் பேட்டரியும்தான். 2008 நவம்பரில் நிஷா புயல் கரையேறியது இதே காரைக்கால் பக்கம். 2018 நவம்பரில் கஜா, தெற்கே வேதாரண்யத்தில். காரைக்காலில் இப்போது வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் நிற்கிறது. புயல் வருவதை அது சொல்லிவிடும். கடந்து போன பிறகு எந்தத் தெருவில் யாருக்கு என்ன வேண்டும் என்று சொல்ல, அறுந்த கம்பியை முடிந்து, அளந்து, ஏற்றத் தெரிந்த ஆட்கள் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். சென்னையிலிருந்து கம்பன் எக்ஸ்பிரஸ் அன்றைக்கு ஓடாது.

அதனால் இரண்டு வேண்டுகோள். திருவேட்டக்குடியில் மின்னணுவியல் படிக்கும் மாணவர்களே, மண்டபத்தூர் உங்கள் விடுதிக்குப் பக்கத்து ஊர். உலகமெங்கும் ஹாம்கள் தேடிப் போகும் உப்பு நீர் உங்கள் வாசலில் இருக்கிறது. மூன்று மின்தடைகளும் ஒரு டையோடும் வாங்கிப் பாலம் ஒன்றைச் செய்யுங்கள், ஹாம் தேர்வை எழுதுங்கள், ஒரு மூங்கிலோடு கரைக்கு வாருங்கள். ஊர்ப் பையன்கள் நட்டுத் தருவார்கள்.

படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. தடைக்காலத்தில் எஞ்சினைப் பிரிக்கிறீர்கள், பலகையை மாற்றுகிறீர்கள், பெயின்ட் அடிக்கிறீர்கள். அப்போதே ஆண்டெனா கேபிளையும் கழற்றி, மறுமுனையை வெறுமனே விட்டு ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். கறுத்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். ஜூன் 14-க்குள் செய்துவிடலாம்.